சுத்தியல் பிடித்த கைக்கு ஒரு சீருடை

பசிபிக் பெருங்கடலின் நடுவே வேக் என்றொரு சின்னஞ்சிறு பவளத்தீவு. அதன் கரையோரப் பாறை ஒன்றில் யாரோ அவசர அவசரமாகக் கொத்திய எழுத்துகள் இன்றும் தெரிகின்றன. 98 என்ற எண், அமெரிக்கப் போர்க்கைதிகள் என்பதற்கான சுருக்கெழுத்து, 5-10-43 என்ற தேதி. இவ்வளவுதான். கொத்தியவர் யாரென்று இதுவரை அடையாளம் காணப்படவில்லை. ஆனால் அவர் சிப்பாய் இல்லை என்பது மட்டும் உறுதி. கட்டட வேலைக்காக அந்தத் தீவுக்கு வந்தவர்களில் ஒருவர் அவர்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் 'சீபீ' என்று அழைக்கப்பட்ட கட்டுமான வீரர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்தப் பாறைதான் முதலில் நினைவுக்கு வரும். ஒரு சீபீ வீரரின் போர்ச் சேவை என்பது என்ன, கொத்தனாருக்கும் தச்சருக்கும் வெல்டருக்கும் எதற்காகச் சீருடை மாட்டித் துப்பாக்கி கொடுத்தார்கள் என்று கேட்டால், பதில் தொடங்கும் இடம் அதுதான்.

1941 ஜனவரியில் வேக் தீவில் கடற்படை விமானத்தளம் கட்டும் வேலை தொடங்கியது. ஒப்பந்த நிறுவனங்கள் ஆளெடுத்து அனுப்பின. ஆண்டு முடிவதற்குள் தீவில் இருந்த தொழிலாளர்கள் ஏறக்குறைய 1,150 பேர். காவலுக்கு இருந்த மரைன் வீரர்கள், அதாவது கடலிலிருந்து இறங்கித் தரையில் போரிடும் படையினர், 450 பேர்கூட இல்லை. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே வேக் தீவின்மீதும் குண்டு விழுந்தது. டிசம்பர் 11-ல் கரையிறங்க வந்த ஜப்பானியக் கப்பல்களை அந்தச் சிறு படை அடித்து விரட்டியது. இரண்டு நாசகாரிக் கப்பல்கள் மூழ்கின. அந்த இரண்டு வாரமும் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. சிலர் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுத்தார்கள், சிலர் பதுங்குகுழி வெட்டினார்கள், சிலர் துப்பாக்கியையே கையில் எடுத்தார்கள். டிசம்பர் 23-ல் தீவு விழுந்தது.

பெரும்பாலானவர்களை ஜப்பானியர் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். தங்களுக்குக் கட்டட வேலை செய்ய ஆள் வேண்டுமென்று கடைசியாக 98 பேரை மட்டும் தீவில் நிறுத்திக்கொண்டார்கள். 1943 அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் தீவைத் தாக்கின. அடுத்து அமெரிக்கப் படையே வந்து இறங்கிவிடும் என்று அஞ்சிய ஜப்பானியத் தளபதி சகாய்பாரா, அக்டோபர் 7 அன்று அந்தத் தொழிலாளர்களைக் கடற்கரையில் கண்ணைக் கட்டி நிறுத்திச் சுட்டுக் கொல்ல உத்தரவிட்டார். ஒருவர் மட்டும் தப்பினார். பாறையில் எழுதிவைத்தவர் அவர்தான் என்று கருதப்படுகிறது. பிறகு அவரும் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். 1947-ல் குவாம் தீவில் சகாய்பாரா தூக்கிலிடப்பட்டார்.

அந்தத் தொழிலாளி தன்னையும் தன் தோழர்களையும் 'போர்க்கைதிகள்' என்றே எழுதிவைத்தார் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. போர்க்கைதி என்பது சட்டத்தில் ஒரு தகுதி. சீருடை போட்ட சிப்பாய் பிடிபட்டால் அவனுக்குச் சில உரிமைகள் உண்டு, கணக்கும் உண்டு. சீருடை இல்லாதவன் ஆயுதத்தைத் தொட்டால் அன்றைய போர் விதிகளின்படி அவன் கொரில்லா, பிடித்த இடத்திலேயே கொன்றுவிடலாம். எதிரி கரையிறங்கும்போது வேலையாளால் செய்ய முடிந்ததெல்லாம் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பதுதான்.

கடற்படையின் கட்டுமானப் பிரிவுக்குத் தலைவராக 1937 முதல் இருந்தவர் பென் மோரீல். சிவில் இன்ஜினீயர். கடற்படை அகாதெமியில் படித்து வந்தவர் இல்லை. சிப்பாய்களாகவே சேர்க்கப்பட்ட கட்டுமான ஆட்கள் வேண்டும் என்ற யோசனை போருக்கு முன்பே அவர் கோப்பில் இருந்தது. வேக் விழுந்த ஐந்தாம் நாள், 1941 டிசம்பர் 28-ல், அவர் முறைப்படி அனுமதி கேட்டார். 1942 ஜனவரி 5-ல் அனுமதி கிடைத்தது. அரசு இயந்திரம் எட்டே நாளில் இவ்வளவு பெரிய முடிவெடுத்தது என்றால் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

புதிய அமைப்புக்குக் கட்டுமானப் பட்டாளம் என்று பெயர். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகள் 'சி', 'பி'. சேர்த்துச் சொன்னால் கடல் தேனீ என்று பொருள்படும். 1942 மார்ச் 5-ல் 'சீபீ' என்ற பெயர் அதிகாரபூர்வமானது. அந்த நாளையே இன்றுவரை பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். சின்னத்தை வரைந்தவர் ஃபிராங்க் ஐயஃப்ராட்டே. ரோட் ஐலண்டில் குவான்செட் பாயிண்ட் தளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், பொழுதுபோக்காகக் கேலிச்சித்திரம் போடுபவர். அணை கட்டும் பீவர் விலங்கைத்தான் அவர் முதலில் யோசித்தாராம். ஆபத்து வந்தால் பீவர் ஓடிவிடும் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டார். தேனீ தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், சீண்டினால் கொட்டும். அந்தத் தேனீயின் தலையில் மாலுமித் தொப்பி, ஒரு கையில் இயந்திரத் துப்பாக்கி, மற்ற கைகளில் ஸ்பேனரும் சுத்தியலும்.

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. போர்ப்படைக்குப் போர் அதிகாரிதான் தலைமை தாங்கலாம் என்பது கடற்படை மரபு. இன்ஜினீயர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. கப்பல் ஓட்டத் தெரிந்த அதிகாரியின் கீழ் கான்கிரீட் போடுகிறவர்களை வைத்தால் வேலை எப்படி நடக்கும்? மோரீல் நேராகக் கடற்படை அமைச்சர் ஃபிராங்க் நாக்ஸிடம் போனார். 1942 மார்ச் 19-ல் நாக்ஸ், இன்ஜினீயர் அதிகாரிகளே இந்தப் பட்டாளங்களுக்குத் தலைமை தாங்கலாம் என்று உத்தரவிட்டார். சீபீக்களின் பிற்கால வெற்றியில் பாதி இந்த ஒரு கையெழுத்தில் இருக்கிறது என்பேன். வேலை தெரிந்தவனே மேஸ்திரி என்ற நியாயம் படைக்குள்ளும் செல்லுபடியானது.

சேர்ந்தவர்கள் யார்? பெரிய அணைகளில் கான்கிரீட் போட்டவர்கள், நியூயார்க் வானளாவிகளில் இரும்பு ஏற்றியவர்கள், நெடுஞ்சாலை போட்டவர்கள், சுரங்கம் வெட்டியவர்கள், பிளம்பர்கள், எலெக்ட்ரீஷியன்கள். அறுபதுக்கும் மேற்பட்ட தொழில்கள். முதல் ஆண்டில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 37. 18 முதல் 50 வரை என்பது விதி. வயதைக் குறைத்துச் சொல்லி உள்ளே நுழைந்த அறுபது வயதுக்காரர்களும் இருந்தார்கள். சீபீயை அடித்துவிடாதே, அவர் மகன் மரைனாக இருக்கலாம் என்று மரைன்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ள மேஸ்திரி ஒருவர் படையில் சேர்ந்தால் அவரைக் கடைநிலை மாலுமியாக்கவில்லை. அவர் தொழில் திறனுக்கேற்ற படிநிலையும் அதற்கேற்ற சம்பளமும் கொடுத்தார்கள். 1942 டிசம்பரில் அதிபர் உத்தரவால் தன்னிச்சையாகச் சேர்வது நின்றது. அதன்பின் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்கள் இளைஞர்கள், தொழில் அனுபவம் குறைந்தவர்கள். ஒருவர் 1942-ல் சேர்ந்தாரா, 1943-க்குப் பிறகா என்பதைப் பார்த்தாலே அவர் எந்த மாதிரி சீபீ என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதல் மூன்று வாரம் அணிவகுப்பு, துப்பாக்கி, ஒழுங்கு. பிறகு தொழில் பயிற்சி. ரோட் ஐலண்டில் கேம்ப் எண்டிகாட், வர்ஜீனியாவில் கேம்ப் பியரி, கலிபோர்னியாவில் போர்ட் வைனீமி என்று பெரிய முகாம்கள் எழுந்தன. ஒரு பட்டாளத்தில் 32 அதிகாரிகள், 1,073 வீரர்கள். சமையல்காரர், பல் மருத்துவர், முடிதிருத்துபவர், செருப்புத் தைப்பவர் எல்லாரும் அதற்குள்ளேயே. ஒரு சிறு ஊரைப் பெயர்த்து எங்கே இறக்கினாலும் தானாக நடக்கும்படியான அமைப்பு. போர் முடிவதற்குள் 3,25,000 பேர் இதில் பணியாற்றினார்கள்.

முதல் குழு 'பாப்கேட்ஸ்' என்ற ரகசியப் பெயரோடு 1942 ஜனவரியிலேயே கிளம்பிவிட்டது. சுமார் 300 பேர். எண்ணெய்க் கிடங்கு கட்ட தென் பசிபிக்கின் போரா போரா தீவுக்குப் போனார்கள். கப்பலில் சரக்கு ஏற்றியவர்கள் எது முதலில் வேண்டும் என்று யோசிக்கவில்லை. இறங்கியதும் தேவைப்படும் இயந்திரங்கள் அடியில் சிக்கிக்கொண்டன. ஓயாத மழை. புதைசேறு. அந்தத் தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டுதான் பிற்காலத்தில் எந்தப் பெட்டி எந்த வரிசையில் ஏறவேண்டும் என்பது ஒரு தனிக் கலையானது.

குவாடல்கனாலை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கட்டட வேலை எப்படிப் போராகிறது என்பதை அங்கேதான் கண்ணால் காணலாம்.

சாலமன் தீவுக் கூட்டத்தில் இருக்கும் அந்தத் தீவில் ஜப்பானியர் ஒரு விமான ஓடுதளத்தை ஏறக்குறைய முடித்திருந்தார்கள். 1942 ஆகஸ்டில் மரைன்கள் அதைக் கைப்பற்றினார்கள். மிட்வே கடற்போரில் இறந்த விமானி ஒருவரின் நினைவாக ஹெண்டர்சன் தளம் என்று பெயர். செப்டம்பர் 1-ல் 6-ஆவது கட்டுமானப் பட்டாளம் அங்கே வந்து சேர்ந்தது. போரின் நடுவே இறங்கிய முதல் சீபீ பட்டாளம் அதுதான். அந்த ஓடுதளம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே வானம். அதனால் ஜப்பானியக் குண்டுகள் அன்றாடம் அதைத் தேடி வந்தன.

ஓடுதளத்தின் மேல் விரித்தவை மார்ஸ்டன் பலகைகள். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 66 பவுண்டு எடை கொண்ட எஃகுத் தகடு. எடை குறையவும் தண்ணீர் வடியவும் வட்ட வட்டமாக ஓட்டை போட்டிருக்கும். ஓரத்தில் கொக்கிகள். ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே போனால் சேற்றின் மேலும் விமானம் ஓடும். 500 பவுண்டு குண்டு ஒன்று விழுந்தால் 1,600 சதுர அடி பலகை நாசமாகும். அதாவது 128 பலகைகள். இரண்டு பேர் ஒரு பலகையைத் தூக்கினால் 128 நடை.

6-ஆவது பட்டாளத்தின் தளபதி ஜோசப் பிளண்டன் ஒரு கணக்குப் போட்டார். ஒரு குழிக்கு எவ்வளவு மணல், எவ்வளவு ஜல்லி வேண்டும் என்று அளந்து, அந்த அளவை லாரிகளில் முன்கூட்டியே நிரப்பி, ஓடுதளத்தைச் சுற்றி மறைவிடங்களில் நிறுத்திவைத்தார். பலகைக் கட்டுகளையும் ஓரத்திலேயே அடுக்கினார். ஏர் கம்ப்ரஸரும் மண் இடிக்கும் கருவிகளும் தயார். குண்டு விழுந்த மறுகணம் பதுங்குகுழியிலிருந்து ஆட்கள் ஓடிவருவார்கள். பிய்ந்த பலகையைக் கழற்றி எறிவது, லாரியைச் சாய்ப்பது, இடித்துக் கெட்டிப்படுத்துவது, புதுப் பலகை மாட்டுவது. நூறு பேர் சேர்ந்தால் ஒரு குழி நாற்பது நிமிடத்தில் மூடும்.

அக்டோபர் 13, 14 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 53 குண்டுகள் அந்த ஓடுதளத்தில் விழுந்தன. இரவில் ஜப்பானியப் போர்க்கப்பல்கள் கடலிலிருந்து சுட்டன, பகலில் விமானங்கள் வந்தன. 14-ஆம் தேதி ஒரே மணி நேரத்தில் 13 குழிகளை மூடினார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்க, சொந்த விமானங்கள் இறங்க இடமில்லாமல் தலைக்கு மேல் வட்டமடித்தபடி இருந்தன. மண்வெட்டி போதவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி அதில் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். அன்று சாப்பாடு இல்லை, ஏனென்றால் சமையல்காரர்களும் பலகை தூக்கிக்கொண்டிருந்தார்கள். தலையைக் காக்கவேண்டிய கவசத்தைச் சட்டியாக்கி மண் சுமந்த அந்த ஆட்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர். வீட்டில் பிள்ளைகுட்டி உள்ளவர்கள்.

சீபீக்கள் கட்டுகிறவர்கள் மட்டுமே என்று எண்ணியிருந்தவர்களுக்கு 1943 அக்டோபர் 27-ல் ஒரு பதில் கிடைத்தது. அதே சாலமன் பகுதியின் டிரஷரி தீவுகளில் கரையிறங்கும்போது, ஜப்பானியப் பதுங்கரண் ஒன்று எல்லாரையும் தடுத்து நிறுத்தியது. 87-ஆவது பட்டாளத்தின் ஆரேலியோ டசோனே 20 டன் புல்டோசரின் பிளேடைக் கேடயம்போல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி ஓட்டினார். லெப்டினென்ட் சார்லஸ் டர்ன்புல் பின்னால் துப்பாக்கியோடு துணை வந்தார். பதுங்கரணை நெருங்கியதும் டசோனே பிளேடை இறக்கி, மண்ணைத் தள்ளி, உள்ளே இருந்த பன்னிரண்டு பேரோடு அதைப் புதைத்தார். அவருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு அந்தப் புதைக்கப்பட்ட பன்னிருவரும் நினைவில் நிற்கிறார்கள். சாலை போடக் கற்ற வித்தை அன்று அதற்கும் பயன்பட்டது.

ஐரோப்பாவில் இவர்கள் வேலை வேறு மாதிரி. கேப்டன் ஜான் லேகாக் என்பவர் உருவாக்கிய எஃகுப் பெட்டிகளே அங்கே மூலதனம். 5 அடி அகலம், 5 அடி உயரம், 7 அடி நீளம், உள்ளே வெறும் காற்று. இவற்றை வரிசையாகக் கோத்தால் பாலம், அகலமாகக் கோத்தால் தெப்பம், மோட்டார் வைத்தால் படகு. கோக்கும் ஆணி, தகடு, கோணப்பட்டை ஆகியவற்றுக்குச் சீபீக்கள் வைத்த செல்லப்பெயர் 'நகை'. 1943 ஜூலையில் சிசிலியில், கப்பல் நெருங்க முடியாத ஆழமற்ற கரைகளில் இந்தப் பெட்டிப் பாலங்களைப் போட்டு டாங்கிகளை இறக்கினார்கள். அங்கெல்லாம் இறங்க முடியாது என்று எதிரி காவலைக் குறைத்திருந்தான். 1944 ஜூனில் நார்மண்டியில் 'ரைனோ' என்ற பெரிய தெப்பங்களும் இதே பெட்டிகளால் ஆனவைதான்.

டினியன் தீவுக்கு வருகிறேன். மரியானாத் தீவுகளில் ஒன்று. 1944 ஜூலை 24-ல் மரைன்கள் இறங்கிய கரை மிகக் குறுகலானது. இருபக்கமும் பவளப்பாறை விளிம்பு சுவர்போல் நின்றது. பக்கத்துத் தீவான சைபானில் கைவிடப்பட்ட சர்க்கரை ஆலையிலிருந்து இரும்பு உத்திரங்களைக் கழற்றி, நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிகளின் மேல் மரச்சட்டங்களோடு பொருத்தி, பாறை விளிம்பில் சாய்த்துவைக்கும் நடமாடும் சாய்வுப்பாதைகளைச் சீபீக்கள் செய்தார்கள். வண்டி அதை மாட்டிவிட்டுப் பின்வாங்கும். மற்ற வண்டிகள் அதன் மேலேறி உள்ளே போகும்.

தீவு கைக்கு வந்ததும் 15,000 சீபீக்கள் வேலையில் இறங்கினார்கள். பவளத்தை வெடிவைத்து உடைத்து, லாரியில் அள்ளி, பரப்பி, கடல்நீர் தெளித்து, ரோலர் ஓட்டினால் அது சுண்ணாம்புக் காரைபோல் இறுகிவிடும். அதற்கு மேல் தார். இப்படி 8,500 அடி நீளத்தில் நான்கு ஓடுதளங்கள் வடக்குத் தளத்தில் மட்டும் எழுந்தன. அன்று உலகிலேயே பெரிய விமானத்தளம் அது. தீவின் வடிவம் நியூயார்க்கின் மன்ஹாட்டனைப் போல இருந்ததால் புதிய சாலைகளுக்கு பிராட்வே, எட்டாவது அவென்யூ என்றெல்லாம் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். வீட்டு ஞாபகம்.

1945 ஆகஸ்ட் 6 அதிகாலை 2:45 மணிக்கு அந்த ஓடுதளம் ஒன்றிலிருந்துதான் எனோலா கே விமானம் ஹிரோஷிமாவுக்குக் கிளம்பியது. மூன்று நாள் கழித்து நாகசாகிக்கான விமானமும் அங்கிருந்தே. விமானத்தின் அடிவயிற்றில் அணுகுண்டை ஏற்ற வெட்டிய குழிகள் இன்றும் டினியனில் இருக்கின்றன. பவளத்தை உடைத்து ரோலர் ஓட்டியவனுக்கு அந்த ஓடுதளம் எதற்கென்று அன்று தெரியாது. போர் சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பதே அவன் எண்ணம். தான் போட்ட தளத்திலிருந்து எது பறந்தது என்று பிறகு செய்தித்தாளில் படித்தவர்கள் வாழ்நாள் முழுதும் அதைச் சுமந்தார்கள். சிலர் பெருமையாக, சிலர் பேசாமல். இரண்டையும் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சீபீயின் சேவையைச் சொல்லும்போது ஹிரோஷிமாவை விட்டுவிட்டுச் சொல்வது நேர்மையாகாது.

போரில் எதிரியால் கொல்லப்பட்ட சீபீக்கள் ஏறக்குறைய 300 பேர். வேலையின்போது விபத்துகளில் இறந்தவர்கள் 500-க்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெடி முன்கூட்டியே வெடித்தது, கிரேன் சாய்ந்தது, டிராக்டர் கவிழ்ந்தது, இரவில் விளக்கில்லாமல் ஓட்டிய லாரி பள்ளத்தில் விழுந்தது. கட்டட வேலை நடக்கும் எந்த ஊரிலும் நாம் கேள்விப்படும் சாவுகள்தான். போர் அவற்றை இன்னும் வேகப்படுத்தியது.

எல்லாச் சீபீக்களுக்கும் ஒரே மரியாதை கிடைத்தது என்றும் சொல்லிவிட முடியாது. கறுப்பினத்தவரைத் தனிப் பட்டாளங்களாகப் பிரித்தே வைத்திருந்தார்கள். 34-ஆவது பட்டாளம் சாலமன் தீவுகளில் சுமார் 20 மாதம் உழைத்துவிட்டுத் திரும்பியது. அதிகாரிகள் வெள்ளையர், மேலான படிநிலைகளிலும் வெள்ளையர். எவ்வளவு திறமை காட்டினாலும் கறுப்பினத்தவருக்கு மேஸ்திரி நிலைக்கு உயர வழியில்லை. 1945 மார்ச் தொடக்கத்தில் போர்ட் வைனீமியில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வேலையை நிறுத்தவில்லை. சாப்பாட்டை மட்டும் மறுத்தார்கள். வேலைநிறுத்தம் என்றால் கலகம் என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியிருப்பார்கள். சாப்பிடாமல் வேலை செய்பவனை எந்தப் பிரிவில் தண்டிப்பது? தளபதி மாற்றப்பட்டார். அதற்கு முன் 1944 செப்டம்பரில் பெலெலியூ தீவில், சரக்கு இறக்க வந்த 17-ஆவது சிறப்புப் பட்டாளத்தின் கறுப்பின வீரர்கள், யாரும் கேட்காமலே மரைன்களுக்குக் குண்டு சுமந்து, காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். ஆளில்லாத இடத்தில் துப்பாக்கியோடு நின்றார்கள். சீருடை கிடைத்த தொழிலாளிகளிலும் சிலருக்கு அது அரைச் சீருடையாகவே இருந்தது.

இப்போது காகிதங்களுக்கு வருவோம். ஒரு சீபீ வீரர் என்ன செய்தார் என்று அவர் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள நினைத்தால் எங்கே பார்ப்பது? தாத்தா கடற்படையில் இருந்தார் என்று மட்டும் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அவர் கப்பலில் போனது இறங்குவதற்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. விடுவிப்புச் சான்றில் 'கார்பெண்டர்ஸ் மேட்', 'மெஷினிஸ்ட்ஸ் மேட்', 'ஷிப்ஃபிட்டர்' என்று கப்பல் வேலைப் பெயர்களே இருக்கும். சீபீக்களுக்கென்று தனித் தொழிற்பெயர்கள் 1948-ல்தான் வந்தன. அந்தப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'சி.பி.' என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் அவர் மேலே சொன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர். 'கன்னர்ஸ் மேட்' என்று போட்டுப் பக்கத்தில் இந்த எழுத்துகள் இருந்தால் அவர் பீரங்கி சுட்டவராக இருக்கவேண்டியதில்லை, பாறைக்கு வெடிவைத்தவராக இருக்கலாம். அடுத்தது பட்டாள எண். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு பட்டாளமும் எந்த மாதம் எந்தத் தீவில் இருந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. பல பட்டாளங்கள் போர் முடிந்ததும் தாங்களே படங்களோடு ஒரு நினைவு மலர் அச்சிட்டுக்கொண்டன. போர்ட் வைனீமியில் சீபீ அருங்காட்சியகமும் உண்டு. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீ தரைப்படை, விமானப்படை வீரர்களின் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகளைத் தின்றது. கடற்படைக் கோப்புகள் தப்பின. சீபீ குடும்பங்களுக்கு அது பெரிய கொடுப்பினை.

இந்தக் காகிதங்களைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே ஆண்டுகளில், அதே ஆசியாவில், சயாம் மரண ரயில் பாதை போடப்பட்டது. 1942 முதல் 1943 அக்டோபர் வரை, 415 கிலோமீட்டர். ஜப்பானியத் தரைப்படை அதற்காக 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளைக் கட்டாயமாக உழைக்க வைத்தது. இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். காஞ்சனபுரியில் அவர்கள் கல்லறைகள் இருக்கின்றன, பெயரும் படைப்பிரிவும் பொறித்து. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர் அதே பாதையில் மண் சுமந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் செத்த கணக்கு போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு எண் இல்லை, பட்டியல் இல்லை, பெயர் பொறித்த கல் இல்லை. சிப்பாயின் சாவை ஒரு அலுவலகம் குறித்துக்கொள்ளும். கூலியின் சாவை அவன் பக்கத்தில் படுத்திருந்தவன் குறித்துக்கொண்டால்தான் உண்டு, அவனும் செத்துவிட்டால் அதுவும் இல்லை. ஜப்பானியக் கடற்படையும் தன் தீவுக் கோட்டைகளைக் கொரியத் தொழிலாளர்களைக் கொண்டே கட்டியது. 1943 நவம்பரில் பசிபிக்கின் தாராவா தீவு விழுந்தபோது அங்கிருந்த ஏறக்குறைய 1,200 கொரியர்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் 129 பேர். மோரீல் கேட்டு வாங்கிய சீருடையின் மதிப்பை இதையெல்லாம் தெரிந்த பிறகே நான் முழுதாக உணர்ந்தேன்.

போர் முடிந்ததும் சீபீக்கள் வந்த வேகத்தில் கலைந்தார்கள். இரண்டரை லட்சமாக இருந்த படை 1946 நடுவில் 20,000 ஆனது, 1950-ல் மூவாயிரத்துச் சொச்சம். பழைய வேலைக்கே திரும்பினார்கள். தீவில் பயன்படுத்திய அரைவட்டத் தகரக் கொட்டகை, அதாவது குவான்செட் குடில், அவர்களுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. போர் உபரியாக விற்கப்பட்டுக் கடையாகவும் கோழிப்பண்ணையாகவும் மாணவர் விடுதியாகவும் நின்றது. கொரியப் போரில் மறுபடி அழைக்கப்பட்டு இஞ்சோனில் பெட்டிப் பாலம் போட்டார்கள். வியட்நாமில் 1965 ஜூன் 10 அன்று தோங் ஷோவாயில், ஒன்பது பேர் கொண்ட சிறு சீபீ குழுவைச் சேர்ந்த மார்வின் ஷீல்ட்ஸ் என்ற மெக்கானிக் காயம்பட்ட பிறகும் போரிட்டு இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்ற ஒரே சீபீ அவர்.

வேக் தீவுத் தொழிலாளர்கள் மட்டும் நெடுங்காலம் சிப்பாய்க்கும் கூலிக்கும் நடுவில் நின்றார்கள். அவர்களில் பலர் ஜப்பானிய முகாம்களில் மூன்றரை ஆண்டு அடிமை வேலை செய்து திரும்பியவர்கள். ஆனால் சட்டப்படி ஒப்பந்தக்காரரின் ஆட்கள். முன்னாள் வீரருக்கான மருத்துவமனை கிடையாது, உதவித்தொகை கிடையாது. போரில் படையோடு சேர்ந்து பணியாற்றிய குடிமக்களுக்கும் வீரர் தகுதி தரலாம் என்று 1977-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் 1981 ஜனவரியில்தான், வேக் தீவைக் காக்கும் போரில் பங்கெடுத்த கட்டுமானத் தொழிலாளர்களின் பணி ராணுவப் பணியே என்று அரசு ஒப்புக்கொண்டது. தீவு விழுந்து 39 ஆண்டுகள் கழித்து. உயிரோடிருந்தவர்கள் அறுபதையும் எழுபதையும் தாண்டியிருந்தார்கள். கடற்படையின் விடுவிப்புச் சான்று அவர்களுக்குத் தபாலில் வந்தது. கடற்கரையில் சுடப்பட்டவர்களின் எலும்புகள் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே ஹோனலூலுவுக்குக் கொண்டுபோகப்பட்டு, பன்ச்போல் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில், சிப்பாய்களுக்கு நடுவே புதைக்கப்பட்டிருந்தன.